அக்கா கேட்ட ஆட்டம்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் நான் ஒரு மேடையில் ஏறி நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்த மனிதர்களை அப்படிப் போ, இப்படி வா, அவருடைய கையைப் பிடி, இவருடைய கையை விடு என்று ஏவிக்கொண்டிருப்பேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் செய்வார்கள். வீட்டில் என் சொல்லை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

இதற்குக் கொன்ரா நடனம் என்று பெயர். வெள்ளைக்காரர்களின் பழைய நாட்டுப்புற ஆட்டம். இரண்டு நீண்ட வரிசைகள் எதிரெதிரே நிற்கும். உங்கள் சோடி உங்களுக்கு எதிரில் நிற்பார். பிடில் தொடங்கியதும் சோடியோடு கொஞ்சம், பக்கத்துச் சோடியோடு கொஞ்சம் ஆடிவிட்டு, ஓரிடம் தள்ளிப் போய் அடுத்த சோடியைச் சந்திப்பீர்கள். பாட்டு முடிவதற்குள் வரிசையில் நிற்கிற முக்கால்வாசிப் பேரின் கையைப் பிடித்திருப்பீர்கள். அடுத்தது என்ன என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறவர்தான் கோலர். அது நான். பகலில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். அங்கேயும் ஆட்களைக் கூப்பிடுவதுதான் வேலை, ஆனால் நான் கூப்பிட்டதும் சந்தோசமாக எழுந்து வருகிறவர்கள் அங்கே இல்லை.

ஆடச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. என்ன ஆடச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் தலையிடி. ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒவ்வொரு அட்டையில் எழுதி, ஒரு பழைய லட்டுப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். வரப்போகிறவர்கள் யார் என்று தெரியாமல் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை.

ரொறன்ரோ டவுன்டவுனில் தேவாலய மண்டபத்துக்கு வருகிறவர்கள் கரை கண்டவர்கள். ஆட்டத்துக்கென்றே மெத்தென்ற சப்பாத்து வைத்திருப்பார்கள். சோடியோடு கைகோத்துச் சுழல்கிற பகுதி ஓர் ஆட்டத்தில் இல்லாவிட்டால், உப்பில்லாத கறியைச் சாப்பிட்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இடைவேளையில் என்னிடம் வந்து, "இன்ரெஸ்ரிங்" என்பார்கள். கனடாவில் கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். அடுத்த முறை அந்த அட்டை பெட்டியின் அடிக்குப் போய்விடும்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் வேறு ரகம். சுழலச் சொன்னால் சுழன்றுகொண்டே இருப்பார்கள், நிறுத்தச் சொன்னால் காது கேளாது. அவர்களுக்குச் சுழலுவது குறைவாகவும் நடப்பது கூடவாகவும் உள்ள ஆட்டங்களாகப் பார்த்து எடுப்பேன், அவர்களுக்காக அல்ல, மண்டபத்துக் கதிரைகளுக்காக. மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியின் விருந்துக்குப் போனபோது, ஆட்டத்தின் வரைபடத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அனுப்பினேன். அன்றைக்கு எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தபடி ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள்.

எங்கள் தமிழ்ச் சனம் மட்டும் என்னைக் கேட்டதே இல்லை. 'அவ வெள்ளையளோட எங்கயோ ஆடப் போறவ' என்ற அளவில் என் கலைப்பணி தமிழர் நிறைந்த ஸ்காபரோ முழுவதும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒருவரும் விசாரிக்கவில்லை. அக்கா கேட்கும்வரை.

அக்கா என்று சொல்வது என் உடன்பிறந்தவரை அல்ல. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அடுத்த கதவு அவர்களுடையது. பிறகு அவர்கள் யூனியன்வில்லில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஆனாலும் நல்ல தோசைக்காக எங்கள் பக்கத்து அஜின்கோர்ட்டுக்கு வராமல் அக்காவால் இருக்க முடியாது. அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கடைக்குக் கூப்பிட்டார். பிள்ளைகள் சேர்ந்து மார்க்கத்தில் மண்டபம் எடுத்து, அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளைக் கொண்டாடப் போகிறார்களாம். அக்காவின் சேலை நிறத்தில் அண்ணைக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஒரு டை கூட வாங்கிவிட்டார்களாம்.

"நீ உந்த வெள்ளையளின்ர டான்ஸ் சொல்லிக் குடுக்கிறனியெல்லே. அதில கை பிடிக்கிறது இருக்கோ?" என்று கேட்டார்.

"உதில இருக்கிறதே அதுதானக்கா."

"அப்ப எங்கட கொண்டாட்டத்தில வந்து ஒண்டு செய். அவர் என்ர கையைப் பிடிக்கிற மாதிரி ஒண்டு பாத்து எடு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"தாலி கட்டின அண்டைக்கு ஐயர் பிடிக்கச் சொல்லிப் பிடிச்சவர். ஐயர் விடச் சொன்ன உடன விட்டவர். பேந்து ஆக்களுக்கு முன்னால ஒருநாளும் பிடிச்சதில்லை."

இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. முன்பு ஒரு மாரிகாலம், கடை வாசலில் உறைந்திருந்த பனியில் அக்கா வழுக்கியதை நானே பார்த்தேன். அண்ணை பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தார். பாய்ந்து பிடித்தார், அக்காவின் கையில் இருந்த பால் பையை. பால் தப்பியது. அக்கா முழங்காலில் விழுந்தார். "பாத்து, பாத்து" என்று அண்ணை சொன்னார், பால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அந்தக் கதையை நாங்கள் பல வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

கையைத் தொடுவது அண்ணைக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதுக்குச் சாமத்தியவீடோ, துக்கத்துக்கு அந்தியேட்டியோ, மண்டப வாசலில் அவர்தான் நிற்பார். வருகிறவர்களின் கையை இரண்டு கையாலும் பிடித்து, கதிரைவரை கூட்டிக்கொண்டு போய் இருத்திவிட்டுத்தான் விடுவார். ஊரார் கையெல்லாம் அவருக்குச் சொந்தம், ஒருவருடையதைத் தவிர.

"நல்ல மனுசன் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. "ஒரு குறையும் வைக்கேல்லை. என்னில விருப்பமோ எண்டுதான் தெரியாது. நாப்பது வருசமா ஊகிச்சுக்கொண்டு இருக்கிறன்."

பகிடியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரலில் பகிடி இருக்கவில்லை. தோசையைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுவிட்டு, சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கவலையாகப் போய்விட்டது. சரி அக்கா, பிடிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து லட்டுப் பெட்டியை மேசையில் கவிழ்த்தேன். தேடித் தேடி ஓர் ஆட்டத்தை எடுத்தேன். சோடி இருவரும் இரண்டு கையும் கோத்து முன்னும் பின்னும் அசைந்து, அப்படியே சுழலவேண்டும். ஒரு சுற்றில் அது இரண்டு தடவை வரும். கையைப் பிடிக்காமல் அந்த ஆட்டத்தில் உயிர்தப்ப முடியாது. எலிப்பொறிக்குள் தேங்காய்ச்சொட்டு வைத்தவள் மாதிரி எனக்கு ஒரே சந்தோசம்.

அந்த நாள் வந்தது. டவுன்டவுனில் எங்களுக்கு வாசிக்கிற பிடில்காரரையும் கிற்றார்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஆட்டம், பின்னால் ஓர் ஆட்டம் என்று பேச்சு. வரிசையாக நிற்கச் சொன்னேன். மற்ற இடங்களில் இதற்கே அரைவாசி நேரம் போய்விடும். இங்கே நான் மூச்சு விடுவதற்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கோயிலில் பூசைக்கு நிற்பதைப் போல நின்றுவிட்டார்கள். டவுன்டவுனில் இப்போது ஆண், பெண் என்று பிரிப்பதில்லை, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு குருவிகளின் பெயர் வைத்திருக்கிறோம். அதை இங்கே விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். ஓர் அங்கிள் மட்டும் கையை உயர்த்தி, "பிள்ளை, இதில எந்த இடத்தில கும்பிடுறது?" என்று கேட்டார்.

முதலில் இசையில்லாமல் நடந்து பழக்கினேன். டொசிடோ என்று ஒன்று உண்டு. எதிரில் நிற்பவரைக் கை தொடாமல், முதுகுப் பக்கமாகச் சுற்றிவந்து பழைய இடத்தில் நிற்பது. பக்கத்துச் சோடியோடு அதைச் செய்யவேண்டும், சொந்தச் சோடியோடு கைகோத்துச் சுழலவேண்டும். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அண்ணைதான் எல்லோரையும்விடக் கவனமாகக் கேட்டார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிடில் தொடங்கியது. அண்ணை பிரமாதம். தொடாமல் சுற்றவேண்டிய இடத்திலும், எதிரே வந்த ஒவ்வோர் அன்ரியின் கையையும் பிடித்து, "வாங்கோ, வாங்கோ, இப்ப பிரஷர் எப்பிடி?" என்று விசாரித்துத்தான் அடுத்தவருக்கு அனுப்பினார். பதில் சொல்ல அவர்களும் நின்றார்கள். வரிசை அவரிடத்தில் மட்டும் நெரிசல் நேரத்து நெடுஞ்சாலை மாதிரித் தேங்கியது. பிறகு நான், "இப்ப உங்கட சோடியோட, ரெண்டு கையும் பிடிச்சு" என்றேன். அக்கா இரண்டு கையையும் நீட்டினார். அண்ணை தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெல்ல நடந்து, அக்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பழைய இடத்தில் நின்றார்.

டொசிடோ! கை தேவைப்படாத ஒன்று இருக்கிறது என்று மனதில் பிடித்து வைத்திருந்திருக்கிறார்.

அது அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்தார். இது மரியாதையாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த சுற்றில் அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் நின்ற அத்தனை ஆண்களும் கோயில் உள்வீதி சுற்றுவதைப் போலத் தங்கள் தங்கள் மனைவிமாரைப் பயபக்தியோடு வலம் வந்துகொண்டிருந்தார்கள். "பிடியுங்கோ! கையைப் பிடியுங்கோ!" என்று நான் மைக்கில் கத்தினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வீட்டில் நிற்பது போல இருந்தது. பேரப்பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். எங்கள் சனம் ஒரு விசயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக நின்றதை நான் அதுவரை கண்டதில்லை.

நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அக்காவைப் பார்க்கும்வரை. ஒவ்வொரு சுற்றிலும் அவர் கையை நீட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் நீட்டிய கை கொஞ்சம் தாழ்ந்தது. கடைசியில் நீட்டவே இல்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடைக்குக் கிட்ட வந்தார். "விடு பிள்ளை. நல்லா இருந்தது. வா, சாப்பிடுவம்," என்றார். சிரித்த முகம்தான். பிறகு போய்ச் சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே நேராக இருந்த கரண்டிகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணையில் கோபம் கோபமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அவரே வந்தார். எனக்கும் வாசிக்கிறவர்களுக்கும் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார்.

"பிள்ளை, உது அவ சொல்லி நீர் எடுத்த டான்ஸ்தானே?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?"

"நகத்துக்குப் பூச்சுப் பூசியிருக்கிறா. அவ ஒருநாளும் பூசிறேல்லை."

நாற்பது பேர் நிற்கிற மண்டபத்தில், அவ்வளவு உபசாரத்துக்கு நடுவில், அந்த மனிதர் அக்காவின் நகத்தைப் பார்த்திருக்கிறார். நான்கூடக் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அண்ணை பிடிக்கேல்லை? எல்லாற்ர கையையும் பிடிச்சியள்."

அண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிடில்காரர் ரோல்ஸில் மூழ்கியிருந்தார், அவருக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"மற்றவையின்ர கையைப் பிடிச்சா எனக்கு ஒண்டும் செய்யாது. அவவின்ர கையைப் பிடிச்சா முகத்தில தெரிஞ்சிடும், பிள்ளை. சனம் முழுக்க நேர பாத்துக்கொண்டு நிக்குது."

"தெரிஞ்சா என்ன?"

"உந்த வயதிலயோ?" என்றார். காது சிவந்துவிட்டது. "ரோல்ஸைச் சாப்பிடும், ஆறப்போகுது" என்று தட்டை என் கையில் திணித்துவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பவர் போல வாசல் பக்கம் போய்விட்டார். வாசலில் ஒருவரும் வரவில்லை.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்திலேயே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வாயை அடக்கிக்கொண்டு லட்டுப் பெட்டியைத் திறந்தேன். பொறி வைத்தேனே தவிர, யாருக்கு வைக்கிறேன் என்று நான் பார்க்கவில்லை. கொன்ரா வரிசையில் எல்லோரும் எதிரெதிரே நிற்பார்கள். ஒவ்வொருவர் முகமும் இன்னொருவர் கண்ணுக்கு நேரே இருக்கும். அதுதான் அந்த ஆட்டத்தின் இன்பமே. முகத்தை மறைக்கிற மனிதருக்கு நான் அதைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது ஆட்டத்துக்கு நான் கொண்டுவந்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, அடியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கும் முழங்கால் நோவுக்காரருக்கும் என்று வைத்திருப்பது. பெரிய வட்டம். சோடி சோடியாக, ஒருவர் பின் ஒருவராக, கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு நடப்பது. அவ்வளவுதான். சுற்றுக்கொரு தடவை உள்பக்கம் நிற்பவர்கள் முன்னால் நகர்ந்து அடுத்த சோடியோடு சேரவேண்டும். டவுன்டவுனில் இதைச் சொன்னால் என் மானம் போய்விடும். பிடில்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்று புருவத்தை உயர்த்தினார். மெதுவாக வாசியுங்கள், நான் கைகாட்டும்வரை நிறுத்தவேண்டாம் என்றேன்.

"இது லேசு," என்று மைக்கில் சொன்னேன். "சுத்திறது இல்லை. ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கத் தேவையில்லை. முன்னுக்குப் போறவையின்ர பிடரியை மட்டும் பாத்துக்கொண்டு நடவுங்கோ."

ஆண்கள் பக்கத்தில் பெரிய நிம்மதி பரவியது. வட்டமாக நின்றார்கள். கையைக் கோக்கச் சொன்னேன். அண்ணை முன்னால் பார்த்தார். பிடரிகள். பின்னால் பார்த்தார். அங்கே நின்ற அங்கிள் தன் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தார். அண்ணை கையை நீட்டினார். எந்தக் கை முதலில் என்று தெரியாமல் ஒன்றை நீட்டி, அதை எடுத்து, மற்றதை நீட்டினார். அக்கா இரண்டையும் பிடித்துக்கொண்டார். பிடித்ததும், நான் சொன்ன சொல் தவறாமல், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

சோடி மாறச் சொல்லவேண்டிய இடம் வந்தது. நான் சொல்லவில்லை. பிடில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த முறையும் வந்தது. மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ நாள் எவ்வளவோ பேருக்கு அடுத்தது என்ன என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் நின்றதைப் போல ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை.

எல்லோரும் பிடரியைப் பார்த்து நடக்கிற அந்த வட்டத்தில் ஒருவர் முகமும் இன்னொருவருக்குத் தெரியாது. மேடையில் நிற்கிற எனக்கு மட்டும் தெரியும். அண்ணையும் அக்காவும் என் பக்கமாகச் சுற்றி வந்தபோது பார்த்தேன். அண்ணை பயந்தது சரிதான். முகத்தில் அப்படியே தெரிந்தது. வாயை இறுக்கி மூடியும் சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் போய், திரும்பச் சுற்றி வந்தபோதும் அப்படியேதான் இருந்தது. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத ஆட்டமாகப் போனது நல்லதாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"பிடிச்சவர், கண்டனியோ?"

"கண்டனான் அக்கா."

"பாட்டு முடியுமட்டும் விடேல்லை. ஆனா நீ முன்னுக்குப் பாக்கச் சொன்னாய், நானும் மடைச்சி மாதிரி முன்னுக்கே பாத்துக்கொண்டு நடந்திட்டன். அவரின்ர முகத்தைப் பாக்கேல்லை." பிறகு கேட்டார்: "ஆக்கள் சொல்லீட்டினமே எண்டு, உம்மெண்டு வச்சுக்கொண்டுதானே நடந்தவர்?"

அண்ணை ரோல்ஸ் தட்டோடு வந்து சொன்னதை நான் சொல்லவில்லை. அது அவர் சொல்லவேண்டியது. மேடையில் இருந்து நான் கண்டதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

"இல்லையக்கா. சிரிப்பை அடக்கேலாமல் வாயை இறுக்கிக்கொண்டு வந்தவர். கண் கலங்கிப் போய் இருந்தது. சுத்தி வந்த நேரமெல்லாம் அப்பிடித்தான்."

"உண்மையாவோ?"

"உண்மையா அக்கா."

"கொஞ்சம் பொறு," என்றார். "அவர் குசினிக்குள்ள தேத்தண்ணி கலக்கிறார். நான் ஒருக்கா அந்த முகத்தைப் பாத்திட்டு வாறன்."

போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. தூரத்தில் கோப்பையில் கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. நான் போனை வைத்துவிட்டேன்.